மூக்கர் நிரப்பிய காற்று

அவருக்கு மூக்கர் என்று பெயர் வந்ததில் மூக்கின் அளவுக்குப் பங்கில்லை. எல்லோருக்கும் இருப்பது போன்ற மூக்குதான். ஒரு தீவு விடுதியில், கடலுக்கடியில் இறங்குகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்புவது அவர் வேலை. ஒவ்வொரு சிலிண்டரையும் நிரப்பி முடித்ததும் வால்வை லேசாகத் திறந்து, சீறி வரும் காற்றை முகர்ந்து, நாக்கிலும் பட விட்டு, தலையை ஆட்டிய பிறகுதான் வெளியே அனுப்புவார். பெட்ரோல் வாடை, எண்ணெய் வாடை, ரப்பர் வாடை எதுவும் அவரிடமிருந்து தப்பாது. காற்றை அழுத்தி ஏற்றும் கம்ப்ரசருக்குள் பல்லி செத்துக் கிடந்ததை ஒருமுறை முகர்ந்தே கண்டுபிடித்தார் என்று விடுதியின் சமையல்காரர் வருகிறவர்களிடமெல்லாம் அளப்பார். அதில் பாதி கப்சா. ஆனாலும் மூக்கர் ஒருநாளும் மறுத்ததில்லை. புகழ்ந்து பேசினால் யாருக்குத்தான் கசக்கும்?

வாரத்துக்கு ஒரு கப்பல் வரும் தீவு அது. கரையோரமாகவே நடந்தால் நாற்பது நிமிடத்தில் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடலாம். மேலே பார்க்க ஒன்றும் கிடையாது; வருகிறவர்கள் எல்லோரும் தண்ணீருக்கடியில் இருப்பதைப் பார்க்கவே வருவார்கள். பவளப்பாறை, ஆமை, கூட்டம் கூட்டமாக வண்ண மீன்கள். எல்லாவற்றுக்கும் மேலே கொம்புத் திருக்கை என்ற பெரிய தட்டை மீன். ஒரு படகை மூடுகிற அகலத்துக்குச் சிறகை விரித்துக்கொண்டு தலைக்கு மேலே போகுமாம். "போகுமாம்" என்று நான் சொல்வதற்குக் காரணம், மூக்கரும் அப்படித்தான் சொல்வார். சின்ன வயதிலேயே சீழ் பிடித்து அவருடைய செவிப்பறை கிழிந்துவிட்டது. இருபத்தாறு வருடமாக ஊரார் முங்குவதற்கெல்லாம் காற்று கொடுத்தவர், இடுப்பளவு தண்ணீருக்கு மேல் போனதே இல்லை.

ஜெனரேட்டர் பொருத்த வந்த கூட்டத்தில் ஒரு மெக்கானிக்காக வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். மகளுக்கு ஒன்பது வயதாகும்போது மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. கப்பல் வர இன்னும் மூன்று நாள் இருந்தது. அவளால் இரண்டு நாள்தான் தாங்க முடிந்தது. அதற்குப் பிறகு மகளை அவரே வளர்த்தார்; சடை பின்னக்கூடக் கற்றுக்கொண்டார், கோணலாகத்தான் வரும். மகள் வளர்ந்து விடுதியின் துணி வெளுக்கும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். படுக்கை விரிப்புகளை அலசி, அப்பா காற்று நிரப்பும் கொட்டகைக்குப் பின்னால் கொடியில் காயப் போடுவாள். அங்கேயே வழிகாட்டியாக இருந்தவனைக் கட்டிக்கொண்டாள். வந்தவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டித் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது அவன் வேலை.

மாமனாருக்கும் மருமகனுக்கும் ஏற்பட்ட ஒட்டுதலைப் பார்த்து மகளுக்கே சில நேரம் பொறாமை வந்ததுண்டு. கரையேறியதும் அவன் முதலில் போவது வீட்டுக்கு இல்லை, கொட்டகைக்கு. காலி சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, ஈரத் தலையோடு குந்தி உட்கார்ந்து, அன்றைக்கு என்ன பார்த்தான் என்று ஒன்றுவிடாமல் சொல்லுவான். எந்தப் பாறை இடுக்கில் எந்த மீன் குஞ்சு பொரித்தது, கிழட்டு ஆமையின் ஓட்டில் எந்தப் பக்கம் கீறல் என்று மூக்கருக்கு மனப்பாடம். கடலின் அடிமட்டத்தை அவர் மருமகனின் கண்ணால்தான் பார்த்தார்.

இனி கம்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்ப்ரசரை ஓட்டியது ஒரு பெட்ரோல் எஞ்சின். எஞ்சினின் புகை கொட்டகையின் பின்சுவரில் உள்ள ஓட்டை வழியாக வெளியே போகும். கம்ப்ரசர் இழுத்துக்கொள்ளும் காற்று நீண்ட ரப்பர் குழாய் வழியாக வரும். அந்தக் குழாயின் வாயை உயரமான கம்பத்தின் உச்சியில் கட்டி, கொட்டகைக்கு வெளியே நட்டிருந்தார். புகை போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கம்பம் நிற்க வேண்டும். சூட்சுமமே அவ்வளவுதான். அந்தத் தீவில் காற்று வருடத்துக்கு இருமுறை திசை மாறும். ஆறு மாதம் மேற்கிலிருந்து, ஆறு மாதம் கிழக்கிலிருந்து. மாறும்போது கம்பத்தைப் பிடுங்கி இந்தப் பக்கத்துக் குழியிலிருந்து அந்தப் பக்கத்துக் குழிக்கு மாற்ற வேண்டும். பத்து நிமிட வேலை. இருபத்தாறு வருடத்தில் ஐம்பது தடவை செய்துவிட்ட வேலை.

கொம்புத் திருக்கைகளும் அந்தக் காற்றைத்தான் எதிர்பார்த்திருக்கும். மேற்குக் காற்று தளர்ந்து கிழக்குக் காற்று கிளம்பப் போகிற சமயத்தில் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் பெருகும். அதைத் தின்ன அவை வரும். அந்த வருடம் காற்று பதினோரு நாள் முன்னதாகவே மாறியது.

விடுதியில் அப்போது ஒரு பல் டாக்டர் தங்கியிருந்தார். திருக்கை பார்ப்பதற்காகவே பல வருடம் காத்திருந்து வந்தவர். பன்னிரண்டு நாள் முங்கியும் ஒரு வால்கூடக் கண்ணில் படவில்லை. மறுநாள் கப்பலேற வேண்டும். அன்று காலை மீன்பிடிப் படகிலிருந்து ரேடியோவில் தகவல் வந்தது: பவளப்பாறையின் திறப்பில் மூன்று திருக்கைகள் சுற்றுகின்றன. விடுதியே அல்லோலகல்லோலப்பட்டது. டாக்டரோடு இன்னும் நாலு பேர் கிளம்பினார்கள். வழிகாட்டியோடு சேர்த்து ஆறு சிலிண்டர், உடனே வேண்டும் என்று மேனேஜர் வந்து நின்றார்.

மருமகனுக்கு அன்று லேசாகச் சளி. காது அடைத்துக்கொள்ளுமே என்று மகள் ஒரு சளி மாத்திரையை டீயோடு கொடுத்து, வேண்டாம் என்றவனை வற்புறுத்திப் போட வைத்தாள். இது நினைவில் இருக்கட்டும்.

மூக்கர் எஞ்சினைக் கிளப்பினார். முதல் இரண்டு சிலிண்டர் நிரம்பும்வரை மேற்குக் காற்று இருந்தது. மூன்றாவதில் காற்று செத்துப்போய் இலைகூட அசையவில்லை. ஐந்தாவது நிரம்பும்போது அவர் தற்செயலாகப் பின்பக்கம் பார்த்தார். மகள் காயப் போட்டிருந்த விரிப்புகள் எல்லாம் மறுபக்கம் திரும்பிப் படபடத்துக்கொண்டிருந்தன. அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பார்த்ததும், அடடே, அதனால்தான் திருக்கை வந்திருக்கிறது என்று தோன்றியது. மனம் அந்தப் பக்கமே ஓடிவிட்டது. கம்பத்தின் பக்கம் வரவே இல்லை.

மருமகன் சிலிண்டர் எடுக்க வந்தான். அவன் எப்போதும் கடைசியாக நிரப்பியதைத் தனக்கு எடுத்துக்கொள்வான். நிரப்பும்போது சிலிண்டர் சூடாகும். சூடு ஆறியதும் காற்றின் அளவு கொஞ்சம் இறங்கும். முதலில் நிரப்பியவை ஆற நேரம் கிடைப்பதால் அவற்றுக்கு மறுபடி கொஞ்சம் ஏற்றிவிடலாம். கடைசிக்கு நேரம் இருக்காது. குறைவானது எனக்கு, நிறைவானது விருந்தாளிக்கு என்பது அவன் வழக்கம். நல்ல பிள்ளை. இப்படி நல்ல பிள்ளையாக இருந்து என்ன கண்டான் என்று எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

"காத்து மாறிடுச்சு மாமா," என்றான், முகமெல்லாம் சிரிப்பாக.

"நானும் பாத்தேன் மாப்ள," என்றார் மூக்கர். ஆறாவது சிலிண்டரின் வால்வைத் திறந்து முகர்ந்தார். ஒரு வாடையும் இல்லை. நாக்கில் பட விட்டார். சுத்தம். தலையை ஆட்டினார்.

"வந்து சொல்றேன், எத்தனை இருக்குன்னு," என்று சொல்லிவிட்டு அவன் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடினான்.

ஒன்றேகால் மணி நேரத்தில் படகு திரும்பியது. சீக்கிரம். தூரத்திலேயே படகின் வேகத்தைப் பார்த்து மூக்கர் கரைக்கு ஓடினார். திருக்கைகள் மூன்றும் தலைக்கு மேலே வட்டமிட்டன என்றும், எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது வழிகாட்டி கையைக் காட்டியபடியே அசையாமல் நின்றுவிட்டார் என்றும், முதலில் அவரும் ரசிக்கிறார் என்றே நினைத்தோம் என்றும் பல் டாக்டர் பிறகு சொன்னார். மேலே இழுத்து வந்து நெஞ்சை அழுத்தினார்கள், வாயில் ஊதினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

மணலில் கிடத்தினார்கள். மகள் ஓடிவந்து விழுந்தாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொல்லி அழுதார்கள்: செத்தவன் முகம் மாதிரியே இல்லையே, கன்னம் செவந்து, உதடு செவந்து, தூங்குகிற மாதிரி இருக்கிறானே. மூக்கர் குனிந்து அந்த உதட்டைப் பார்த்தார்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், கம்ப்ரசர் விற்ற கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்து ஒரு வாரம் தங்கிப் பாடம் எடுத்தார். எஞ்சின் புகையில் ஒரு விஷம் உண்டு. அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. புகையின் வாடையை எல்லாம் கம்ப்ரசரில் இருக்கும் கரி வடிகட்டி உறிஞ்சிவிடும், இந்த விஷத்தை மட்டும் விட்டுவிடும். சுவாசித்தவனின் உதடு சிவந்துபோகும். இதையெல்லாம் சொல்லி, அந்த விஷத்தைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் வருடம் மீட்டரின் பேட்டரி ஒழுகிக் கெட்டது. வேறு வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்குள் அவர் மூக்கர் ஆகிவிட்டிருந்தார்.

எல்லோரும் பிணத்தைச் சுற்றி நின்றபோது அவர் மட்டும் தள்ளாடிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். எஞ்சினைக் கிளப்பிவிட்டு வெளியே போய்ப் பார்த்தார். பின்சுவரின் ஓட்டையிலிருந்து புகை கிளம்பி, மெல்லச் சுவரை வளைத்து, கம்பத்தின் உச்சிக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவர் எஞ்சினை நிறுத்தினார். கம்பத்தைப் பிடுங்கி, அந்தப் பக்கத்துக் குழியில் நட்டார். பத்து நிமிடம்தான் ஆனது. அப்போது ஏன் மாற்றினோம் என்று பிறகு பல தடவை தன்னையே கேட்டுக்கொண்டார். மறைக்கத்தான். வேறென்ன?

பல் டாக்டருக்கும் அன்று தலைவலி. கடல் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டார். இறப்பதற்கு முன் என்ன சாப்பிட்டார், என்ன மருந்து எடுத்தார் என்று அவர்தான் அக்கறையாக விசாரித்தார். மகள் மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். சளி மாத்திரை போட்டுக்கொண்டு ஆழத்துக்குப் போனால் மயக்கம் வரலாம், அதுதான் காரணமாக இருக்கும் என்று அவர் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பல் பிடுங்குகிறவரானாலும் டாக்டர் டாக்டர்தானே, தீவு முழுக்க அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டது. யாரும் அவளைத் திட்டவில்லை. பாவம், தெரியாமல் கொடுத்துவிட்டாள் என்று பரிதாபப்பட்டார்கள். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

அடுத்த கப்பலில் விசாரணை அதிகாரி வந்தார். அதே கப்பலில் திரும்ப வேண்டும், கையில் இரண்டு மணி நேரம். கொட்டகைக்கு வந்து, காற்றில் ஏதாவது கோளாறு இருந்ததா என்று மூக்கரிடம் கேட்டார். மூக்கர் வாயைத் திறந்தார். அதற்குள் சமையல்காரர் முந்திக்கொண்டு, மூக்கர் முகராமல் ஒரு சிலிண்டர் இந்த வாசலைத் தாண்டாது என்று பல்லிக் கதையை எடுத்துவிட்டார். மேனேஜரும் ஆமாம் போட்டார். அதிகாரி, தனியாக ஒதுக்கப்பட்டிருந்த ஆறாவது சிலிண்டரின் வால்வைத் திறந்து தானும் முகர்ந்து பார்த்தார். வாடை இல்லை. மூக்கரின் முகத்தைப் பார்த்தார். மூக்கர் தலையை ஆட்டினார். நல்ல காற்று என்று எப்போதும் ஆட்டுவாரே, அதே ஆட்டல். அதிகாரி மாத்திரை என்று எழுதிக்கொண்டு கப்பலேறினார்.

என் கோபம் அந்தத் தலையாட்டலின் மேல்தான். கம்பத்தை மறந்தது ஒரு நிமிடத் தப்பு, எவருக்கும் வரும். தலையை ஆட்டும்போது அவருக்கு எல்லாம் தெரியும். பயந்தார். வேலை போகும் என்றோ ஜெயிலுக்குப் போவோம் என்றோ பயப்படவில்லை. மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்தார். அந்தப் பயத்தில், மகள் தன் முகத்தைத் தானே கண்ணாடியில் பார்க்க முடியாமல் தவிப்பதை விட்டுவிட்டார்.

அவள் மருந்துப் பெட்டியைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டினாள். வேலைக்குப் போனாள், விரிப்புகளை அலசினாள், உலர்த்தினாள். நடுவில் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "வேணாம்னு சொன்னாருப்பா. நான்தான் கட்டாயப்படுத்தினேன்," என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லுவாள். மூக்கர் குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டே, "விடும்மா," என்பார். அதற்கு மேல் வாய் வராது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பார். நாளை வரும். மறுபடி நாளைக்கு என்பார்.

பத்தொன்பதாவது நாள் அவருக்குக் காய்ச்சல். உடம்பு கொதித்தது. ஒரு மாத்திரை இருந்தால் கொடு என்று மகளிடம் கேட்டுவிட்டார், பழக்க தோஷத்தில். அவள் சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். போய்ப் பக்கத்து வீட்டில் கேட்டு ஒரு மாத்திரையை வாங்கி வந்தாள். ஆனால் கொடுக்க முடியவில்லை. மாத்திரையைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நீயே எடுத்துக்கப்பா. என் கையால யாருக்கும் குடுக்க மாட்டேன்," என்றாள்.

மூக்கரால் அதற்கு மேல் முடியவில்லை. "அந்த மாத்திரை இல்லம்மா. என் கம்பம்," என்றார். எல்லாவற்றையும் சொன்னார். விரிப்பு திரும்பியது, தான் பார்த்தது, முகர்ந்தது, உதட்டின் சிவப்பு, கம்பத்தை மாற்றி நட்டது, அதிகாரியிடம் தலையாட்டியது. சொல்லி முடித்தபோது காய்ச்சலா அழுகையா என்று தெரியாமல் உடம்பு உதறிக்கொண்டிருந்தது.

அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"அன்னைக்கே. மணல்ல கிடத்தினப்பவே."

"தப்பு யாருக்கும் வரும்பா," என்றாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது. "அவர் உசிரோட வந்திருந்தா, உன்னைக் கேலி பண்ணிட்டு விட்டிருப்பார். ஆனா பத்தொன்பது நாள். நான் இந்தக் கையைப் பாத்துப் பாத்துச் செத்துக்கிட்டு இருந்தேன். நீ எதிர்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்த."

அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசவில்லை.

காய்ச்சல் விட்டதும் மூக்கர் மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னார். மேனேஜர் முதலில் கதவைச் சாத்தினார். விசாரணை முடிந்துவிட்டது, இப்போது போய்க் கிளறினால் விடுதியை மூட வேண்டியதுதான், போனவர் திரும்ப வரப்போகிறாரா என்று கேட்டார். வேலையை விட்டுவிடுகிறேன் என்றதற்கு, வேறு யாருக்கு இந்த எஞ்சின் தெரியும் என்றார். மூக்கர் அதிகாரிக்குத் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கப்பலில் அனுப்பினார். பதில் வரவில்லை. தண்டனை கொடுங்கள் என்று ஒரு மனிதன் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு திரிந்தாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லாத உலகம் இது. கடைசியில் அவர் பிடிவாதம் பிடித்து வாங்கியது ஒரு புது மீட்டர் மட்டும்தான். அதை ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலும் பிடித்துப் பார்த்தே அனுப்பினார். மற்ற வழிகாட்டிகளிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர்கள், அவர் பார்த்த பிறகு தாங்களும் ஒருமுறை மீட்டரைப் பிடித்துப் பார்க்கிறார்கள். மூக்கர் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. கரையேறியவுடன் கொட்டகைக்கு வந்து கதை சொல்லவும் ஆளில்லை. கிழட்டு ஆமை இருக்கிறதா செத்ததா என்றுகூட அவருக்குத் தெரியாது.

வீட்டில் மகள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவாள். அவர் திறந்து சாப்பிட்டுக் கழுவி வைப்பார். இப்படியே மாதங்கள் ஓடின.

மறுபடி காற்று மாறுகிற பருவம் நெருங்கியது. ஒரு மாதம் முன்பே அவருக்குத் தூக்கம் போய்விட்டது. கம்பத்தின் உச்சியில் ஒரு கந்தல் துணியைக் கட்டி, வேலைக்கு நடுவில் பத்துத் தடவை போய் அண்ணாந்து பார்ப்பார். ஒருநாள் விடிந்து எழுந்தபோது தகரக் கூரை மறுபக்கத்திலிருந்து தடதடவென்று அடித்தது. சட்டையைக்கூட மாட்டாமல் கொட்டகைக்கு ஓடினார்.

கம்பம் ஏற்கெனவே இந்தப் பக்கத்துக் குழிக்கு மாறியிருந்தது. மகள் அதன் அடியில் நின்று குழாயைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தாள், கொடி கட்டும்போது போடுவாளே, அந்த முடிச்சு. மண் தோண்டி முழங்கை வரை அழுக்கு. அவர் மூச்சிரைக்க நின்றார். கயிற்றை இழுத்துச் சரிபார்த்துவிட்டு அவள் திரும்பினாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீ எஞ்சினைப் பாத்துக்க," என்றாள். "காத்தை இனிமே நான் பாத்துக்கறேன்."

அவர் உள்ளே போய் எஞ்சினைக் கிளப்பினார். அவள் வெளியே நின்று, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.